அத்தியாயம் 7: திரட்டிய தரவைச் சேமித்து வைத்தல்

ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள்தான் திம்புள்ளத் தேயிலையின் தரத்துக்குப் பேர்போன பருவம். அந்த மாதங்களில் கொழும்பு ஏலத்தில் திம்புள்ள உள்ளிட்ட மேற்குச் சரிவுத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்று ஐந்து வருடம் கழித்து ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்ல வாராவாரம் எழுதி வைத்த எண்கள் வேண்டும். கடந்த அத்தியாயத்தில் நாம் எழுதிய நிரல் பக்கத்தைத் திறந்து, விலையைப் பிரித்தெடுத்து, திரையில் காட்டியது. திரையை மூடியதும் எண்களும் போய்விட்டன. அவற்றை எங்கே, எப்படி, எந்த வடிவில் வைத்துக்கொள்வது என்பதே இந்த அத்தியாயம்.

இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஏல விலை. கொழும்பில் தேயிலையின் பகிரங்க ஏலம் 1883இல் தொடங்கியது. 2020 ஏப்ரலில் கொவிட் காரணமாக மின்னணு ஏலமாக மாறியது. ஒவ்வொரு வாரமும் ஏலம் முடிந்ததும் தரகு நிறுவனங்கள் சந்தை அறிக்கை வெளியிடுகின்றன. இரண்டாவது, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. மழைக்காலத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியாகும். முதலாவது ஒழுங்காக வரும், வரிசைகள் குறைவு. இரண்டாவது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் பழையதை நீக்கிவிட்டு வரும். சேமிப்பில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இவற்றைத் திரட்டி என்ன பயன் என்று கேட்கலாம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. இரண்டு முறையும் பேச்சுவார்த்தையில் தேயிலை விலை அடிபட்டது. ஒரு வாரத்து விலையைக் காட்டி எந்தப் பக்கமும் வாதாடலாம். பல வருட விலையை வரிசையாக வைத்திருப்பவரிடம் அந்த வாதம் எடுபடாது.

1. முதலில் பக்கத்தை அப்படியே வையுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: விலையைப் பிரித்தெடுக்கும் முன், இறக்கிய பக்கத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் கோப்பாக எழுதுங்கள். எச்டிஎம்எல் ஆனால் எச்டிஎம்எல், பிடிஎஃப் ஆனால் பிடிஎஃப். பிரித்தெடுப்பது அதற்குப் பிறகு, அந்தக் கோப்பிலிருந்து.

மலையில் கொழுந்து நிறுக்கும்போது எடையை அந்த இடத்திலேயே எழுதுகிறார்கள். லொறி தொழிற்சாலைக்குப் போன பிறகு அந்தக் கொழுந்தை மறுபடி நிறுக்க வழியில்லை. இணையப் பக்கமும் அப்படித்தான். இன்றைய எச்சரிக்கைக்கு மேல் நாளைய எச்சரிக்கை வந்து உட்கார்ந்துவிடும்.

நிரலில் பிழை இருப்பது ஆறு மாதம் கழித்துத் தெரியவரலாம். பிஓபி என்ற தேயிலைத் தரத்தின் விலை இருக்க வேண்டிய இடத்தில் பிஓபிஎஃப் என்ற வேறு தரத்தின் விலையை எடுத்திருக்கலாம். அறிக்கையின் அமைப்பு மாறி ஒரு நிரை தள்ளிப்போயிருக்கலாம். மூலப் பக்கங்கள் கையில் இருந்தால் நிரலைத் திருத்தி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டலாம், ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும். இல்லாவிட்டால் அந்த ஆறு மாதமும் போனதுதான். இன்னொரு நன்மையும் உண்டு. திருத்திய நிரலைப் பரிசோதிக்க ஒவ்வொரு முறையும் அந்த இணையத்தளத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். ஒரு வார அறிக்கை 1 மெகாபைட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 52 மெகாபைட்தான். மண்சரிவுப் பக்கத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் வருடத்தில் 2,920 கோப்புகள் சேரும். ஒவ்வொன்றும் 100 கிலோபைட் என்றால் ஏறத்தாழ 290 மெகாபைட். எச்டிஎம்எல் கோப்புகளை ஜிசிப் முறையில் சுருக்கினால் இதில் சிறு பங்குதான் மிஞ்சும். சாதாரணப் பென்டிரைவிலேயே பல வருடம் அடங்கும்.

பக்கம் மாறாதபோது மறுபடி மறுபடி சேமிக்காமலும் இருக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகை எண்ணைக் கணக்கிட்டு, முன்னையதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் எழுதலாம். ஆனால் 'பார்த்தேன், மாற்றமில்லை' என்று ஒரு பதிவேட்டுக் கோப்பில் ஒரு வரி விழ வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், எச்சரிக்கை மாறாத நாளையும் உங்கள் கணினி ஓடாத நாளையும் பின்னர் பிரித்தறிய முடியாது.

2. கோப்புப் பெயரும் நேரமும்

கோப்புப் பெயர் வருடத்தில் தொடங்கட்டும்: 2025-03-11 என்ற ஒழுங்கில். பெயர்வாரியாக அடுக்கினாலே காலவாரியாகவும் அடுக்கப்பட்டுவிடும். 03-04-2025 என்று எழுதினால் அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்று நீங்களே ஒரு நாள் தடுமாறுவீர்கள். கோப்புறைகளை மூலம், வருடம் என்று பிரியுங்கள்: 'ஏலம்' என்பதற்குள் 2024, 2025, 'மண்சரிவு' என்பதற்குள் அதேபோல.

ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு. பக்கத்தில் அச்சாகியிருக்கும் வெளியீட்டு நேரம் ஒன்று. உங்கள் நிரல் அதை எடுத்த நேரம் மற்றொன்று. இரண்டையும் தனித்தனிப் புலங்களில் எழுதுங்கள். மாலை 4 மணிக்கு வெளியான எச்சரிக்கையை உங்கள் நிரல் இரவு 7 மணிக்குத்தான் எடுத்தது என்றால், அந்த மூன்று மணி நேர இடைவெளியே ஒரு தகவல்.

நேர வலயத்திலும் கவனம் தேவை. கிட்ஹப் போன்ற சேவைகளில் நிரலை இலவசமாக ஓட்ட முடியும். ஆனால் அங்குள்ள கணினிகளின் மணிக்கூடு உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் கூட. இங்கே புதன்கிழமை அதிகாலை 2 மணி என்றால் அங்கே இன்னும் செவ்வாய் இரவு 8.30. கோப்புப் பெயரில் முந்தின நாள் தேதி விழுந்துவிடும். ஆகவே நேரத்தை எழுதும்போது '+05:30' என்ற குறிப்பையும் சேர்த்தே எழுதுங்கள். பழைய தரவைக் கையாளுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: இலங்கையின் நேரம் 1996இல் இரண்டு தடவை மாற்றப்பட்டு, 2006இல்தான் பழைய நிலைக்குத் திரும்பியது.

3. சிஎஸ்வியா, எஸ்கியூலைட்டா?

பிரித்தெடுத்த எண்களை வைக்கப் பல வடிவங்கள் உண்டு. தொடங்குபவருக்கு இரண்டு போதும்.

சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு பதிவு, புலங்களுக்கிடையே காற்புள்ளி. எந்தக் கணினியிலும், எந்த மென்பொருளிலும் திறக்கும். முப்பது வருடம் கழித்தும் திறக்கும். வாரத்துக்குப் பத்து இருபது வரிசை சேரும் ஏல விலைக்கு இதுவே போதும். ஆனால் இது எதையும் தடுக்காது. ஒரே வாரத்தை இரண்டு முறை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். விலை என்ற இடத்தில் ஊர்ப் பெயர் விழுந்தாலும் பேசாமல் இருக்கும்.

எஸ்கியூலைட் ஒரு முழுத் தரவுத்தளம், ஆனால் ஒரே கோப்பு. தனிச் சேவையகம் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை, பைதானோடு கூடவே வருகிறது. 2000இல் வெளியான இது இன்று ஏறக்குறைய எல்லாக் கைத்தொலைபேசிகளுக்குள்ளும் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுத் தொகுதிகளை நீண்டகாலம் பேணப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. தவறான பதிவைத் தடுக்கும் விதிகளை இதில் எழுதி வைக்கலாம். எச்சரிக்கைகள், விலைகள், நாணய மாற்று விகிதம் என்று பல அட்டவணைகளை இணைத்துக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் இதற்கே வாருங்கள்.

எக்செல் கோப்பில் நேரடியாகச் சேமிக்க வேண்டாம். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் கொவிட் தொற்றாளர் பட்டியலைப் பழைய எக்செல் வடிவத்துக்குள் ஏற்றியது. அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. ஏறத்தாழ 16,000 தொற்றாளர்கள் பல நாட்களுக்குக் கணக்கில் வராமல் போனார்கள். எக்செலில் பார்க்கலாம், வரைபடம் போடலாம். சேமிப்பிடமாக அதை நம்ப வேண்டாம்.

4. அட்டவணையை அமைத்தல்

ஏல அறிக்கையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டுத் தேயிலைக்கு 'பெஸ்ட் வெஸ்டர்ன்', 'பிலோ பெஸ்ட்', 'பிளெய்னர்', 'நுவரெலியா', 'உடப்புசல்லாவை', 'ஊவா' என்று பிரிவுகளாக்கி, பிஓபி, பிஓபிஎஃப் என்ற தரங்களுக்குத் தனித்தனியாக விலை போட்டிருப்பார்கள். திம்புள்ளத் தேயிலை 'வெஸ்டர்ன்' என்பதற்குள் வரும். விலை தனி எண்ணாக இராது. இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்ற வீச்சாக இருக்கும். பக்கத்தில் 'இந்த வாரம்', 'கடந்த வாரம்' என்று இரண்டு நெடுவரிசைகள்.

இதற்கான புலங்கள்: ஏல வருடம், ஏல இலக்கம், பிரிவு, தரம், குறைந்த விலை, கூடிய விலை, மூலக் கோப்பின் பெயர், எடுத்த நேரம்.

விலை வீச்சை ஒரே புலத்தில் எழுத்தாக வைக்காதீர்கள். குறைந்தது, கூடியது என்று இரண்டு எண்களாகப் பிரியுங்கள். ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியை நீக்குங்கள். '1,250' என்பது சிஎஸ்விக்குள் போனால் 1 என்றும் 250 என்றும் இரண்டு புலங்களாகப் பிளந்துவிடும். எந்த அலகு என்பதை அட்டவணையின் விளக்கக் கோப்பில் எழுதுங்கள்: கிலோவுக்கு ரூபாய்.

சில வாரங்களில் ஒரு பிரிவுத் தேயிலை ஏலத்துக்கே வராது, அறிக்கையில் 'என்.ஏ.' என்றோ கோடு போட்டோ இருக்கும். அந்த இடத்தில் பூச்சியம் எழுதாதீர்கள். பூச்சியம் என்றால் தேயிலை இலவசமாகப் போனது என்று பொருள். சராசரி எடுக்கும்போது எல்லாம் சரிந்துவிடும். வெறுமையாக விடுங்கள். எஸ்கியூலைட்டில் அதற்கென்றே 'நல்' என்ற மதிப்பு உண்டு.

ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி எது? தேதி என்று தோன்றும். ஆனால் ஒரு வாரத்து ஏலம் இரண்டு நாள் நடக்கலாம், விடுமுறை வந்தால் நாள் மாறலாம். வருடமும் ஏல இலக்கமும் அப்படி மாறுவதில்லை. வருடம், ஏல இலக்கம், பிரிவு, தரம் ஆகிய நான்கையும் சேர்த்துச் சாவியாக்குங்கள். அதற்குப் பிறகு நிரலைத் தவறுதலாகப் பத்து முறை ஓட்டினாலும் அதே வாரம் பத்து முறை பதிவாகாது. இரண்டாவது முயற்சியைத் தரவுத்தளமே தடுத்துவிடும். 'இன்சர்ட் ஆர் இக்னோர்' என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் நிரல் நின்றுவிடாமல் அடுத்ததற்குப் போகும்.

ரூபாயை டொலராக மாற்றிச் சேமிக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த வருடத் தேயிலை விலை ரூபாயில் பாய்ந்து ஏறியது, டொலரில் பார்த்தால் கதை வேறு. அறிக்கையில் உள்ளபடி ரூபாயில் வையுங்கள். மத்திய வங்கியின் நாளாந்த விகிதத்தை இன்னொரு அட்டவணையில் திரட்டுங்கள். தேவைப்படும்போது இரண்டையும் இணைத்துக் கணக்கிடலாம்.

மண்சரிவு அட்டவணையில் வேறொரு சிக்கல். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்தான் இருந்தன. பின்னர் அம்பகமுவவிலிருந்து நோர்வூட்டும், நுவரெலியாவிலிருந்து தலவாக்கலையும் தனிப் பிரிவுகளாயின. பழைய பட்டியலில் 'அம்பகமுவ' என்றால் நோர்வூட்டும் அதற்குள் அடக்கம்; புதியதில் இல்லை. ஆகவே பக்கத்தில் உள்ள பெயரை அன்றிருந்தபடியே எழுதுங்கள். எந்தப் பிரிவு எதிலிருந்து எப்போது பிரிந்தது என்பதைத் தனி அட்டவணையில் வையுங்கள். பழைய பதிவுகளைப் புதிய பெயருக்கு மாற்றி எழுதினால், உண்மையில் விடுக்கப்படாத எச்சரிக்கை ஒன்றை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள்.

5. தமிழ்ப் பெயர்கள்

கோப்புகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதுங்கள். சிஎஸ்வியை எக்செலில் திறப்பவர்கள் இருந்தால் 'பொம்' என்னும் முன்குறியோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரியக்கூடும். பைதானில் குறியாக்கத்தின் பெயரோடு 'சிக்' என்ற ஒட்டைச் சேர்த்தால் முன்குறி தானாக வரும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. 'கொட்டகலை' என்பதன் முதல் எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கோ அவை இரண்டு வேறு ஊர்கள். கொட்டகலைக்கு எத்தனை எச்சரிக்கை என்று கேட்டால் பாதிதான் வரும். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா எல்லாவற்றுக்கும் இதே கதி. சேமிக்கும் முன் ஒவ்வொரு பெயரையும் 'என்எஃப்சி' என்ற இயல்பாக்கத்துக்கு உட்படுத்துங்கள்; பைதானின் யூனிகோட்டேட்டா நூலகத்தில் ஒரே வரி வேலை.

அட்டன் என்றும் ஹட்டன் என்றும் எழுதுவதை இயல்பாக்கம் சரிசெய்யாது. அதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, எந்தெந்த எழுத்துக்கூட்டல் எந்த எண்ணைச் சேரும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்வதே வழி.

பழைய பிடிஎஃப் ஆவணங்கள் சில பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றிலிருந்து எடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக வரும். மாற்றி மூலம் யூனிகோட்டுக்குக் கொண்டுவரலாம். மாற்றியதை ஒரு புலத்திலும், வந்தபடியே உள்ளதை இன்னொரு புலத்திலும் வையுங்கள். மாற்றி தவறு செய்திருந்தால் திரும்பிப் பார்க்க அது உதவும்.

6. மின்சாரம் போனால்

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அப்படியான காலம் இல்லாவிட்டாலும், காற்று மழைக்கு மின்கம்பி அறுவது மலைநாட்டில் வழக்கம்தான். உங்கள் நிரல் எந்த நொடியிலும் நின்றுபோகலாம் என்று எண்ணியே எழுதுங்கள்.

கோப்பை நேரடியாக அதன் இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் எழுதி முடிந்த பிறகு பெயரை மாற்றுங்கள். இடையில் மின்சாரம் போனால் பாதிக் கோப்பு தற்காலிகப் பெயரோடு கிடக்கும். நல்ல கோப்பு என்று அதை யாரும் எண்ணிவிட மாட்டார்கள். எஸ்கியூலைட்டில் ஒரு பக்கத்தின் பதிவுகள் அனைத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதி முடிவில் உறுதிசெய்யுங்கள். ஒன்றில் எல்லாம் பதியும், அல்லது எதுவும் பதியாது. நூறு பக்கத்தையும் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் எழுதும் நிரல் மலைநாட்டுக்கு ஆகாது.

7. சரிபார்த்தல்

ஏல அறிக்கையிலேயே ஒரு பரிசோதனை ஒளிந்திருக்கிறது. இந்த வார அறிக்கையின் 'கடந்த வாரம்' நெடுவரிசை, போன வாரம் நீங்கள் சேமித்த 'இந்த வாரம்' நெடுவரிசையோடு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு வாரமும் இதை ஒப்பிடும் நாலு வரியை நிரலில் சேர்த்துவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் பிரித்தெடுப்பில் பிழை. அல்லது தரகர்கள் பின்னர் திருத்தியிருக்கிறார்கள். எதுவானாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இத்துடன் மூன்று கேள்விகள்: இந்த வாரம் எத்தனை வரிசை வந்தது, வழமையான எண்ணிக்கையா? குறைந்த விலை கூடிய விலையைவிடக் கூடுதலாக இருக்கிறதா? ஏல இலக்கங்களில் இடையில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா? பதில் சரியில்லையென்றால் நிரல் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்.

8. காப்புப் பிரதி

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். இது உலகெங்கும் சொல்லப்படும் விதி. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். லயன் வீட்டில் கணினியும் வன்தட்டும் ஒரே மேசையில் இருந்தால், கூரை ஒழுகும்போது இரண்டும் சேர்ந்தே நனையும். மூன்றாவது பிரதி அதற்காகத்தான்.

மூலப் பக்கங்களைக் 'கிட்' களஞ்சியத்தில் வைப்பதும் நல்ல முறை. சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் 2020இல் 'கிட் ஸ்கிரேப்பிங்' என்று பெயரிட்டு இதைப் பரப்பினார். ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகும். மஞ்சள் எச்சரிக்கை எந்த நேரத்தில் சிவப்பானது என்பதை வரி வரியாகக் காணலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பிரதியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

9. எதைச் சேமிக்கக் கூடாது

பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பயனாளிப் பட்டியல்கள் சில நேரம் இணையத்தில் வெளியாகும். உங்கள் ஆய்வுக்குத் தொகை மட்டும் போதுமென்றால் தொகையை எடுங்கள். ஆட்களின் விவரத்தை எடுக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களைப் பற்றியது. இணையத்தில் கிடந்தது என்பதற்காக உங்கள் கணினியில் கிடக்கலாம் என்று ஆகாது.

தரகு நிறுவனங்களின் அறிக்கைகள் அவர்களது உழைப்பு. சொந்த ஆய்வுக்குச் சேமிப்பது வேறு, மொத்தமாக மறுபடி வெளியிடுவது வேறு. வெளியிட விரும்பினால் முதலில் கேளுங்கள். தளத்தின் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்திருக்கும் பகுதிக்குள் போகாதீர்கள். அரச நிறுவனமொன்றின் பழைய தரவு இணையத்தில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். அப்படி வந்த கடிதத்தையும் மூலக் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள்.

பயிற்சி

அ) இந்த வார ஏல அறிக்கையை இறக்கி, மாற்றாமல், தேதியிட்ட பெயரில் சேமியுங்கள்.

ஆ) அதிலிருந்து வெஸ்டர்ன் பிரிவுகளின் பிஓபி, பிஓபிஎஃப் விலைகளை எஸ்கியூலைட்டில் எழுதுங்கள். நிரலை மூன்று முறை ஓட்டி, வரிசைகளின் எண்ணிக்கை மாறவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

இ) நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். மறுபடி ஓட்டும்போது தரவு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈ) அடுத்த வார அறிக்கையின் 'கடந்த வாரம்' நெடுவரிசையோடு நீங்கள் சேமித்த விலைகளை ஒப்பிடுங்கள்.

நான்கும் செய்து முடித்தவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். நேரமில்லாதவர் முதலாவதையாவது இன்றே செய்யுங்கள். பிரித்தெடுப்பதையும் அட்டவணை போடுவதையும் அடுத்த மாதம் செய்யலாம், அடுத்த வருடமும் செய்யலாம். நீக்கப்பட்ட பக்கத்தை அப்போது தேடினால் கிடைக்குமென்று எந்த உறுதியும் இல்லை.